கேள்வி பதில்: விளையாட்டு பீரியடு யாருக்காக?

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் உடற்கல்வி, உடல்நலம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை பதில் சொல்கிறார்.

*

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டு பீரியடு இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டையும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார். இறுதித் தேர்வு வருகிற ஆண்டில் இதைப் போய்க் கேட்கலாமா?
– ஒரு தாய்

பதில்: கேளுங்கள். தனியாகப் போகாமல் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள். கணக்கு ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. யாரோ கொடுத்ததால்தானே அவர் எடுத்துக்கொண்டார்? கொடுத்தவர் பெரும்பாலும் எங்களைப் போன்ற உடற்கல்வி ஆசிரியர்தான்.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தசைக்கும் எலும்புக்கும் வலுவேற்றும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டுமாம். நடப்பு வேறு. 146 நாடுகளில் 11 முதல் 17 வயது மாணவர்களிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், ஐந்தில் நால்வர் இந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம்.

வாரத்துக்கு இரண்டு பீரியடால் இந்தக் கணக்கு நேராகிவிடாது. வரிசை கட்டி, வருகை எடுத்து, மைதானத்துக்குப் போய்த் திரும்பினால் மிஞ்சுவதே அரைமணி நேரம். ஆனால் எப்படி ஓடுவது, எப்படிக் குதித்து இறங்குவது, எந்த விளையாட்டு தனக்கு ஒத்துவரும் என்று பிள்ளை தெரிந்துகொள்ள வேறு இடம் இல்லை. அந்த அரைமணியின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

மதிப்பெண் குறையும் என்ற பயத்துக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். கனடாவின் த்ருவா ரிவியேர் என்ற ஊரில் 1970-களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட நேரத்தைக் குறைத்து, நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள். படிப்பு பின்தங்கவில்லை. உங்கள் மகளைவிடச் சிறிய பிள்ளைகள்தான். என்றாலும், ஒரு பீரியடு போனால் மதிப்பெண் சரிந்துவிடும் என்று சொல்பவரிடம் அதற்கு என்ன ஆதாரம் என்று திருப்பிக் கேட்கும் தைரியத்தை இது தரும்.

தலைமை ஆசிரியரிடம் "விளையாட விடுங்கள்" என்று கேட்காதீர்கள். "இந்தப் பருவத்தில் உடற்கல்வியில் என்ன சொல்லித் தருவதாக இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். "சும்மா பந்தைக் கொடுத்து விடுவோம்" என்று பதில் வந்தால், அந்த பீரியடு கணக்கு ஆசிரியர் கைக்குப் போவதற்கு முன்பே தொலைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நீங்கள் பேச வேண்டியது கணக்கு ஆசிரியரைப் பற்றி அல்ல.

*

கேள்வி: மிஸ், எங்கள் வகுப்பில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறிப் பெயர் சொல்லி அணி பிரிப்பார்கள். எப்போதும் நான்தான் கடைசி. போன வாரம் "இவனை நீயே வைத்துக்கொள்" என்று ஒருவன் விட்டுக்கொடுத்தான். இப்போதெல்லாம் வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பறையிலேயே இருந்துவிடுகிறேன். பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?
– எட்டாம் வகுப்பு மாணவன்

பதில்: இருக்கிறது தம்பி. அதற்கு முன் உன் ஆசிரியரிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறேன்.

ஐயா, நாற்பது பேர் முன்னால் ஒரு பிள்ளையை வாராவாரம் ஏலம் போடுகிற இந்த முறையை இன்றோடு நிறுத்துங்கள். முந்தின நாளே பட்டியல் எழுதிக்கொண்டு வந்தால் ஐந்து நிமிட வேலை. பிறந்த மாதத்தை வைத்துப் பிரிக்கலாம், வண்ணப் பட்டைகளைக் கலந்து கொடுக்கலாம். அணி பிரித்தபின் பதினொருவர் ஆட்டம் ஆட விட்டால் பந்து நான்கு பேரிடமே சுற்றும், மற்றவர்கள் வெயில் காய்வார்கள். சிறிய களம் போட்டு மூவருக்கு மூவர் ஆட விடுங்கள். ஒவ்வொருவர் காலுக்கும் கைக்கும் பந்து வந்தே தீரும். டேரில் சீடன்டாப் என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் வகுத்த முறை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே அணி பல வாரங்கள் சேர்ந்தே இருக்கும். ஆடுவதோடு நடுவர், ஸ்கோர் எழுதுபவர், வார்ம் அப் நடத்துபவர் என்று எல்லோருக்கும் முறை வைத்துப் பொறுப்பு உண்டு. அப்போது எந்தப் பிள்ளையும் விட்டுக்கொடுக்கும் சரக்காக இருப்பதில்லை.

இனி நீ. மென்மையான, பெரிய பந்து ஒன்றை எடுத்துக்கொள். சுவரிலிருந்து மூன்று அடி எடுத்து வைத்துத் தள்ளி நில். எறி, திரும்பி வருவதைப் பிடி. பிடிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் செய்கிற ஒன்று இருக்கிறது: பந்து கைக்கு வரும் கடைசி நொடியில் முகத்தைத் திருப்புவது. அது பயம், தப்பில்லை. அதனால்தான் மென்மையான பந்து. கை வரை பந்தைப் பார். நெஞ்சுக்கு மேல் வந்தால் விரல்கள் வானம் பார்க்கட்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் தரை பார்க்கட்டும். பந்து பட்டதும் கையை விறைப்பாக வைக்காமல் உன் பக்கம் சற்று இழுத்துக்கொள். இது கைவந்ததும் ஓர் அடி பின்னால் போ, அதன் பிறகு சிறிய பந்துக்கு மாறு. தினமும் பத்து நிமிடம் போதும். கேப்டன் ஆவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பந்து உன்னை நோக்கி வரும்போது ஒளிய இடம் தேட மாட்டாய்.

வயிற்றுவலி பற்றி: எங்களுக்குத் தெரியும். விளையாட்டு பீரியடு தவறாமல் வருகிற வயிற்றுவலியை எந்த ஆசிரியரும் நம்புவதில்லை. இந்தப் பக்கத்தையே கிழித்து அவர் மேசையில் வைத்துவிடு.

*

கேள்வி: தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது சரியா?
– ஒரு வாசகர்

பதில்: தவறு செய்தால் பத்து பக்கம் வாசி என்று தமிழாசிரியர் தண்டனை கொடுத்தால், அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் புத்தகத்தைத் தொடுமா?

*

கேள்வி: மாதவிடாய் நாட்களிலும் ஓட வேண்டுமா? எங்கள் பி.டி. ஆசிரியர் ஆண். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
– ஒன்பதாம் வகுப்பு மாணவி

பதில்: ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். அந்த நாட்களில் உடற்பயிற்சி செய்வதால் கெடுதல் எதுவும் இல்லை. பலருக்கு வலி குறையவே செய்கிறது. ஆனால் அன்று உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். மாதாமாதம் பள்ளிக்கே போக முடியாத அளவு வலித்தாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று வீட்டில் சொன்னால் இந்த வரியைக் காட்டு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. போட்டிகளுக்குக் கடுமையாகப் பயிற்சி செய்து, சாப்பாட்டைக் குறைக்கிற பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவதுண்டு. "தொல்லை விட்டது" என்று சில பயிற்சியாளர்களே மகிழ்வார்கள். உடலின் செலவுக்கு வரவு போதவில்லை என்பதற்கான அடையாளம் அது. எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பள்ளிகள் செய்ய வேண்டியது எளிது. காரணம் சொல்லாமலே "இன்று மெதுவான பயிற்சி" என்று எந்த மாணவரும் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கட்டும். ஆண்பிள்ளைகளுக்கும் இருக்கட்டும், அப்போதுதான் யாரும் யாரையும் ஊகிக்க மாட்டார்கள். கழிப்பறையில் தண்ணீரும் கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும். விளையாட்டுச் சீருடைக்கு வெள்ளைக் கால்சட்டை வேண்டாம். வெள்ளைக்குப் பேர்போன விம்பிள்டனே 2023-இல் வீராங்கனைகள் அடர்நிற உள்கால்சட்டை அணிய அனுமதித்துவிட்டது. நம் பள்ளிகளின் வெள்ளை அதைவிடப் புனிதமா?

*

கேள்வி: என் 14 வயது மகன் எடை தூக்க ஆசைப்படுகிறான். வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்கள். புரதப் பவுடரும் கேட்கிறான்.
– ஒரு தந்தை

பதில்: முறையாகக் கற்றுத் தருபவர் பக்கத்தில் இருந்தால் எடைப் பயிற்சி வளர்த்தியை நிறுத்தாது. குழந்தை நல மருத்துவர்களின் அமைப்புகளே இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆபத்து எங்கே என்றால், தனியாக, நண்பர்களுடன் பந்தயம் கட்டி, "எவ்வளவு தூக்க முடியும்" என்று பார்ப்பதில். முதலில் தண்டால், குந்தி எழுதல், கம்பியில் தொங்கி ஏறுதல். வடிவம் தவறாமல் பதினைந்து முறை செய்ய வந்தபின் குறைந்த எடை.

பவுடர் வேண்டாம். சாப்பாடு ஒழுங்காக இருந்தால் தேவையில்லை. டப்பாவுக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதும் டப்பாவில் எழுதியபடியே இருக்கும் என்று நம்புவதற்கில்லை. அந்தப் பணத்தில் நல்ல காலணி வாங்கிக் கொடுங்கள்.

*

கேள்வி: நான் புதிதாக வேலையில் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர். ஆண்டுக்கு இரண்டு முறை உடல்திறன் சோதனை நடத்தி மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். பீப் சோதனை, எடை, உயரம் எல்லாம் உண்டு. எப்படி நடத்துவது?
– ஓர் இளம் ஆசிரியர்

பதில்: உங்கள் கேள்விக்காகவே இந்தப் பகுதியை ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம்.

பீப் சோதனையை எடுத்துக்கொள்வோம். லூக் லெஜே என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடு. ஒலிக்கிற பீப்புக்குள் அடுத்த கோட்டைத் தொட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் வேகம் மணிக்கு அரை கிலோமீட்டர் கூடும். இதயமும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்று அறிய அருமையான, செலவில்லாத சோதனை. குற்றம் சோதனையில் இல்லை, நாம் நடத்துகிற விதத்தில் இருக்கிறது. பீப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதலில் யார் நிற்கிறார்? வகுப்பிலேயே பலவீனமான பிள்ளை. அவன் நின்றதை மொத்த வகுப்பும் பார்க்கிறது. பிறகு கால்மணி நேரம் ஓரத்தில் நின்று, மற்றவர்கள் கைதட்டு வாங்குவதை அவன் பார்க்கிறான். அவனுக்குத்தான் இந்தச் சோதனையால் பயன் அதிகம். அவன்தான் அடுத்த முறை விடுப்பு எடுக்கிறான்.

வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். பாதிப் பேர் ஓட, அவரவர் ஜோடி தன் ஆள் தொடுகிற கோடுகளை எண்ணிக் குறிக்கட்டும். எண்ணுகிற கண்களுக்கு வேடிக்கை பார்க்க நேரமிருக்காது. முடித்தவர் ஓரத்தில் நிற்காமல் மெதுவாக நடந்துகொண்டே இருக்கட்டும். முடிவை உரக்க வாசிக்காதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள். போன முறை இவன் எவ்வளவு, இந்த முறை எவ்வளவு என்பதை அவனிடம் மட்டும் சொல்லுங்கள்.

மதிப்பெண் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பெண்பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகள் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆனால் இது சராசரி. உங்கள் எட்டாம் வகுப்பில் மீசை அரும்பியவனும் இருப்பான், அவன் தோளுக்குக் கீழே நிற்பவனும் இருப்பான். வயது ஒன்று, உடம்பு வேறு. அந்த வயதில் வேகத்துக்கு மதிப்பெண் போட்டால், யாருக்கு முதலில் பருவம் வந்தது என்பதற்கு மதிப்பெண் போடுகிறீர்கள். கற்றதற்குப் போடுங்கள்: வார்ம் அப்பைத் தானாக நடத்தத் தெரிகிறதா, தன் நாடித்துடிப்பை எண்ணத் தெரிகிறதா, தனக்கென நான்கு வாரப் பயிற்சித் திட்டம் எழுதி அதன்படி நடந்தானா?

அமெரிக்காவில் நெடுங்காலம் குடியரசுத் தலைவர் பெயரில் ஒரு சோதனை நடந்தது. திறனில் நாட்டு மாணவர்களில் முன்னணியில் உள்ள 15 விழுக்காட்டினருக்கு விருது. ஒவ்வொரு பிள்ளையும் தன் உடல்நலத்துக்குப் போதுமான அளவை எட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட்னெஸ்கிராம் என்ற வேறொரு முறையை அங்குள்ள கூப்பர் ஆய்வு நிறுவனம் 1982-இலேயே கொண்டுவந்திருந்தது. 2012-இல் அரசும் விருதுச் சோதனையை விட்டு அந்தப் பக்கம் நகர்ந்தது. 2025-இல் பழையதைத் திரும்பக் கொண்டுவர ஆணை பிறந்திருக்கிறது. விருது வாங்கியவர்களுக்குத்தான் அந்தப் பழைய நாட்கள் இனிக்கும் என்பது என் எண்ணம்.

எடை? வரிசையில் நிறுத்தி, எண்ணை உரக்கச் சொல்லி எழுதுகிற பழக்கம் இருந்தால் உடனே விடுங்கள். கலிபோர்னியாவில் பள்ளிகளில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) அளந்து பெற்றோருக்குத் தெரிவிப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் எடையில் முன்னேற்றம் இல்லை. அளப்பதே வேண்டியிருந்தால் செவிலியர் தனி அறையில் அளக்கட்டும்.

*

கேள்வி: சுகாதாரக் கல்வியில் பருவ மாற்றங்கள் பற்றிய பாடம் வந்தாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுகிறேன். தவறா?
– ஓர் ஆசிரியை

பதில்: தவறுதான். வீட்டில் பெற்றோர் "பள்ளியில் சொல்லித் தருவார்கள்" என்று தாண்டிவிடுகிறார்கள். மிச்சமிருப்பது கைப்பேசி. அது எதையும் தாண்டுவதில்லை.

சிரிப்புக்கு ஆயுள் குறைவு. உடலுறுப்புகளின் பெயரை நீங்கள் முழங்கை, முழங்கால் சொல்கிற அதே குரலில் சொன்னால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஆண்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பாடம் நடத்தாதீர்கள். அவர்களுக்கும் உடம்பு மாறுகிறது, அவர்களிடம்தான் யாருமே பேசுவதில்லை.

கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுக் காகிதம். கேள்வி இல்லாதவர்களும் "இல்லை" என்று எழுதிப் போட வேண்டும், அப்போதுதான் எழுதியது யார் என்று தெரியாது. பதில் அடுத்த வகுப்பில். உங்களுக்கும் தயார் செய்ய அவகாசம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பெட்டியை முதலில் நீங்கள் தனியாகப் படித்துப் பாருங்கள். யாரோ தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று ஒரு துண்டு வந்தால் அதை வகுப்பில் வாசிக்கக் கூடாது, கிழித்தும் போடக் கூடாது. அன்றே குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று யாராவது வந்து நின்றால், யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டுதலைக் காட்டுங்கள். பாலியல் கல்வி பிள்ளைகளை அவசரப்படுத்துவதில்லை என்பதை ஆய்வுகளை அலசிச் சொல்லியிருக்கிறார்கள்.

அதே சமயம், பயமுறுத்திச் சொல்வதும் உதவாது. லாஸ் ஏஞ்சலீஸில் 1983-இல் போலீஸ்காரர்களை வகுப்புக்கு அனுப்பிப் போதைக்கு எதிராகப் பேச வைக்கும் டேர் என்ற திட்டம் தொடங்கியது. நாடு முழுக்கப் பரவியது. ஆராய்ந்தபோது, அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் நீடித்த வித்தியாசம் தென்படவில்லை. "வேண்டாம்" என்று சொல் என்று சொல்வதோடு நிறுத்தாமல் அதைச் சொல்லிப் பழக வையுங்கள். நண்பன் சிகரெட்டை நீட்டுகிறான், மூன்றாம் முறையும் நீட்டுகிறான், என்ன பதில்? இருவர் இருவராக நின்று நடித்துப் பார்க்கட்டும். அப்போதும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நல்லது.

*

கேள்வி: மகனுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது. குதித்தால் அதிகமாகிறது. வயது 13.
– ஒரு தாய்

பதில்: வேகமாக வளர்கிற வயதில், ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் தசைநாண் எலும்பை இழுத்து வலி வருவதுண்டு. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று மருத்துவர் சொல்வார். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானே அடங்கும். அதுவரை குதிப்பதைக் குறைத்து, நீச்சல், சைக்கிள் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலி, காய்ச்சல், நொண்டுதல் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

*

கேள்வி: ஆட்டத்தில் இருவர் தலை மோதிக்கொண்டார்கள். மயக்கம் இல்லை, தலை சுற்றுகிறது என்றான். ஐந்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்ப இறக்கினோம். சரிதானே?
– ஒரு பயிற்சியாளர்

பதில்: இல்லை. மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் வர வேண்டும் என்ற அவசியமில்லை. தலைவலி, சுற்றல், குழப்பம், கேட்டதையே திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியாக இருந்தாலும் முடிந்தது. ஓரிரு நாள் ஓய்வு, மெதுவான நடை. முதலில் பள்ளிக்குத் திரும்பட்டும், பிறகு படிப்படியாகப் பயிற்சி, படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளாவது இடைவெளி. மோதல் இருக்கிற ஆட்டத்துக்கு மருத்துவர் சொன்ன பிறகுதான். வாந்தி தொடர்ந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாமல் தூங்கி வழிந்தாலும் நேரே மருத்துவமனைக்கு.

*

கேள்வி: என் மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். விளையாட்டு பீரியடில் எப்போதும் ஸ்கோர் எழுதும் வேலைதான். அன்பாகத்தான் நடத்துகிறார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை.
– ஒரு தந்தை

பதில்: சொல்லுங்கள். அன்பு இருக்கிறது, பாடம் இல்லை. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்குப் பள்ளியிலும் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டில் பங்கேற்கும் வாய்ப்பு வேண்டும் என்று 2006-இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவே சொல்கிறது.

வகுப்பு முழுவதையும் உட்கார்ந்து ஆட வைக்கலாம். உட்கார்ந்து ஆடும் கைப்பந்து பாராலிம்பிக் ஆட்டம். வலையைத் தாழ்த்தினால் போதும். பந்தை இலக்குக்கு அருகில் உருட்டும் போச்சா, கண்ணைக் கட்டிக்கொண்டு மணி வைத்த பந்தைத் தடுக்கும் கோல்பால் இரண்டும் அப்படித்தான். கோல்பாலில் கண் தெரிகிற பிள்ளைகள் எப்படித் தடுமாறுவார்கள் என்று ஒருமுறை பார்க்க வேண்டும். மகளையே கேளுங்கள், எதை ஆட விருப்பம் என்று. ஸ்கோர் எழுதுவதுதான் பிடிக்கும் என்றால் அதுவும் சரி, மற்றவர்களைப் போல முறை வைத்து.

*

கேள்வி: எங்கள் முன்னாள் மாணவர் சங்கம் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தர விரும்புகிறது. உடற்பயிற்சிக் கருவிகள் வாங்கலாமா?
– ஒரு சங்கச் செயலாளர்

பதில்: பந்து வாங்குங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்ற நிலையில்தான் பல பள்ளிகள் இருக்கின்றன. இருவருக்கு ஒன்று இருந்தால் வகுப்பே வேறு மாதிரி ஆகிவிடும். எல்லாம் போட்டி அளவில் வேண்டாம், மென்மையானவையும் சிறியவையும் கலந்து வாங்குங்கள். எறிந்து பழக ஒரு சுவர், தரையில் கோடு போடப் பெயிண்ட், கூம்புகள், ஸ்கிப்பிங் கயிறுகள். பூட்டிய அறையில் துருப்பிடிக்கும் கருவிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்துத் திறப்பு விழா நடத்தலாம், பந்துக்கு நடத்த முடியாது என்பது தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் பம்பு இரண்டும் ஊசி ஒரு டஜனும் சேர்த்து வாங்குங்கள். ஊசி எப்போதும் காணாமல் போகும்.